வானத்துக்கும் கடைமடை உண்டு

ஆகஸ்டு 29ஆம் நாள் மாலையில் வேளாங்கண்ணியில் கொடி ஏறுமுன்னரே தஞ்சைத் தரணியின் சாலைகள் காவி நிறம் பூண்டுவிடுகின்றன. திருச்சிப் பக்கமிருந்து வருவோர் பூண்டி மாதாவை வணங்கிவிட்டுத் தஞ்சை, அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர் என்று நடக்கின்றனர். சென்னைப் பக்கமிருந்து வருவோர் சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் வழியாகக் கடலை இடப்புறம் வைத்துக்கொண்டு நடக்கின்றனர். சப்பரத்தில் அன்னையின் சுரூபம், ஒலிபெருக்கியில் செபமாலை, தோளில் ஒரு துணிப்பை. இரவானால் பள்ளிக்கூடத் திண்ணையோ கோயில் வளாகமோ படுக்கை. இப்படிச் சாலையில் உண்டு, சாலையில் உறங்கி, சாலையிலேயே செபித்துப் பயணம் செய்வதை நம் மக்கள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கூடாரப் பயணம் என்று மேனாட்டார் இன்று பெருமையோடு சொல்வதை நம் பாட்டிமார் கட்டுச்சோறும் குடையுமாகச் செய்து முடித்துவிட்டார்கள்.

சென்ற திருவிழாக் காலத்தில், நீடாமங்கலத்துக்கு அருகே எங்கள் அன்பியத்தார் வைத்திருந்த தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, என் நெடுநாளைய நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறார். படத்தில் ஒரு நீண்ட வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை. நம் திரைப்பட நடிகர்களின் கேரவனைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வண்டியின் கூரைமேல் வெள்ளை நிறத்தில் ஒரு சதுரத் தட்டு. "இது இருந்தால் போதும் அண்ணே, நடுக்காட்டில் வண்டியை நிறுத்தினாலும் இணையம் வந்துவிடும். நம் நாட்டிலும் இதற்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டார்களாம். அடுத்த ஆண்டு இப்படி ஒரு வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு வருவேன். பேரன் பாடமும் கெடாது, மருமகள் வேலையும் கெடாது, வேண்டுதலும் நிறைவேறும்" என்றார்.

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பந்தலில் கூட்டம். பிறகு வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது, சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. அவற்றை நண்பருக்கு மட்டுமல்லாமல் பொதுநிலையினராகிய நம் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்னும் நம்பிக்கை எனக்கு உண்டு.

முதலில் அந்தத் தட்டைப் பற்றிச் சில செய்திகள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புவது புதிதன்று. பழைய முறையில் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று, பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஆகவே வீட்டு மாடியில் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டால் போதும். ஆனால் அவ்வளவு தொலைவு சென்று திரும்புவதால், பேசினால் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். புதிய முறையில் ஆயிரக்கணக்கான சிறு கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்து ஓடிக்கொண்டேயிருக்கின்றன. கூரைமேல் உள்ள தட்டு அவற்றுள் ஒன்றைப் பிடித்து, அது மறையுமுன் அடுத்ததைப் பிடிக்கிறது. தொலைவு குறைவாதலால் தாமதமும் குறைவு. இதனால்தான் ஓரிடத்தில் நில்லாத பயணிக்கு இது ஏற்றதாயிற்று. ஸ்டார்லிங்க் நிறுவனம் 2022 மே மாதத்தில் வீட்டு வண்டிப் பயணிகளுக்கென்றே தனித் திட்டம் ஒன்றை அமெரிக்காவில் தொடங்கியது.

அந்தத் தட்டுக்கு 25 முதல் 100 வாட் வரை மின்சாரம் வேண்டும். அதைவிட முக்கியமாக, மறைப்பில்லாத வானம் வேண்டும். மரக்கிளை ஒன்று குறுக்கே நின்றாலும் தொடர்பு அறுந்து அறுந்து வரும். நல்ல நிழலில் வண்டியை நிறுத்தினால் இணையம் இல்லை, இணையம் வேண்டுமென்றால் வெயிலில் நிற்க வேண்டும். அமெரிக்கக் காடுகளில் கூடாரமிடுவோர் இதைத்தான் நாள்தோறும் முணுமுணுக்கிறார்களாம். பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பில் இக்கருவி திணறும். திருவாரூர் நெல்வயல் நடுவே இதற்குச் சொர்க்கம்! மலையில்லை, மேடில்லை, வரப்பில் நின்றால் அடிவானம் வரை தடையே இல்லை.

உரிமத்தைப் பற்றி நண்பர் கேள்விப்பட்டதும் உண்மைதான். 2021இல் ஒன்வெப் நிறுவனத்துக்கும், 2022இல் ஜியோவுக்கும், 2025 ஜூன் மாதத்தில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கும் நடுவணரசின் தொலைத்தொடர்புத் துறை அனுமதி வழங்கியது. ஆனால் உரிமம் பெறுவதற்கும் மக்கள் கையில் கருவி வருவதற்கும் இடையே அலைக்கற்றை ஒதுக்கீடு, பாதுகாப்புச் சோதனை எனப் பல படிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிவிட்டான் என்று எவரும் தாமாகவே இத்தகைய கருவியைக் கூரைமேல் மாட்டிவிட முடியாது. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டதை நாளிதழ்களில் பார்க்கிறோம்.

இனி என் மறுப்புக்கு வருகிறேன். திருப்பயணத்தில் கைப்பேசியே கூடாது, அமைதியே வேண்டும் என்று மறையுரைகளில் கேட்கிறோம். அதில் உண்மை உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், ஓயாத கருவிகளின் இரைச்சல் ஆழ்ந்து சிந்திப்பதற்கும் மனந்திறந்து அன்பு செய்வதற்கும் தடையாகிறது என்று எச்சரித்தார். ஆயினும் என் மறுப்பு அதுவன்று. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன்: 2020இல் பெருந்தொற்றால் பக்தர்கள் இன்றி வேளாங்கண்ணித் திருவிழா நடந்தபோது, நான் கொடியேற்றத்தைத் திரையில் பார்த்துத்தான் கண்ணீர் விட்டேன். இயந்திரத்தைப் பழிப்பது நம் திருச்சபையின் வழக்கமும் அன்று. 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனியே அமைத்துக்கொடுத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் உலகோடு பேசினார். 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், மங்கள வார்த்தை கொண்டுவந்த கபிரியேல் அதிதூதரைத் தொலைத்தொடர்புத் தொழில் புரிவோருக்குப் பாதுகாவலராக அறிவித்தார். 2025 செப்டம்பர் 7 அன்று, வேளாங்கண்ணியில் பெரிய தேர் பவனி வரும் அதே நாளில், நற்கருணைப் புதுமைகளை இணையத்தில் தொகுத்து வைத்த இளைஞர் கார்லோ அகுதிஸ் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மேலும், அமைதியைப் பரிந்துரைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தானாக விரும்பி இணைப்பைத் துண்டித்துக்கொள்கிறவருக்குத்தான் அமைதி ஒரு தவம். இணைப்பே கிடைக்காதவருக்கு அதே அமைதி எப்படி இருக்கும் என்பதைக் கடற்கரையில் கேட்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

நாம் காவிரி நாட்டார். தலைமடை, இடைமடை, கடைமடை என்னும் சொற்கள் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்துவிட்டால் தலைமடைக்காரனுக்குக் கவலை தீர்ந்தது. அவன் வயல் பாய்ந்து, நிரம்பி, வழிந்து, வடிகாலுக்கும் போகும். வேதாரண்யத்தை ஒட்டிய கடைமடைக்காரனோ ஆடி போய் ஆவணி வந்தும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பான். 'தண்ணீர் திறந்தாயிற்று' என்னும் செய்தி அவனுக்கு நாளிதழில்தான் கிடைக்கும். அதனால்தான் முறைப்பாசனம் என்றொரு நெறியை நம் முன்னோர் வகுத்தனர். தலைமடையின் மதகை அடைத்து, கடைமடைக்கு முதலில் விடும் முறையும் அதில் உண்டு. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் ஒரு கண்மாய்க்காரனின் நேர்மை மதகுச்சாவியில்தான் தெரியும் என்று என் தந்தையார் சொல்வதுண்டு.

வானத்திலிருந்து வரும் இந்த இணைப்புக்கும் கடைமடை இருக்கிறது. அது கடலில் இருக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எழுந்தது. தாழ்வழுத்தம் ஓரிரு நாட்களுக்குள் புயலாகத் திரண்டுவிட்டது. கரையில் இருந்தவர்களுக்கே எச்சரிக்கை பிந்தித்தான் கிடைத்தது என்றால், தங்குகடல் மீன்பிடிப்புக்காகப் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே போய்விட்ட விசைப்படகுகளுக்கு யார் சொல்வது? அவர்களிடம் இருந்த வி.எச்.எஃப். கருவியின் குரல் சில பத்துக் கிலோமீட்டர்களுக்குள் தேய்ந்துவிடும். கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையோ அதற்கும் முன்னரே முடிந்துவிடும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூந்துறை, விழிஞ்ஞம் என்று அரபிக் கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் வீடு வீடாக ஒப்பாரி எழுந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர், அல்லது திரும்பவேயில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு எந்த நாளில் இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுப்பது என்று தெரியாமல் பெண்கள் கடற்கரையிலேயே காத்திருந்தார்கள். அந்தப் பெண்களிடம் போய் இணைப்பற்ற அமைதியின் மேன்மையைச் சொல்ல யாருக்கு நா எழும்?

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அந்த ஊர்களிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் தும்பா இருக்கிறது. இந்தியாவின் விண்வெளிப் பணி தொடங்கிய இடம் அது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால் விஞ்ஞானி விக்ரம் சாராபாய் அந்த மீனவர் ஊரைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அங்கே மகதலா மரியாவின் ஆலயம் இருந்தது. அதைச் சுற்றி மக்கள் இருந்தார்கள். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் இறைமக்களிடமே அந்த வேண்டுகோளை வைத்தார். ஆலயத்தையும், தங்கள் குடியிருப்பையும், முன்னோர் வேண்டுதல் செய்த பீடத்தையும் விட்டுத்தர அந்த மீனவர்கள் இசைந்தனர். ஆலயத்துக்குள் ஏவுகணைப் பாகங்களைப் பொருத்தினார்கள். ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அந்தக் கரையிலிருந்து முதல் ஏவுகணை எழும்பியது. (அதற்குப் பதின்மூன்று நாட்கள் கழித்து, டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய தன் ஆணையேட்டை வெளியிட்டது. தும்பாவை அறியாமல்தான்!) அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. பள்ளி மாணவர்கள் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வானத்துக்கு வழி திறக்கத் தங்கள் கோயிலையே கொடுத்தவர்கள் அந்தக் கரை மக்கள். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அதே கரையின் பிள்ளைகள் வானத்திலிருந்து ஒரு சொல் கிடைக்காமல் மூழ்கினார்கள். இதைக் கேட்டபின்னும் செயற்கைக்கோள் இணைப்பை வெறும் வசதிப் பொருளாகப் பேச என்னால் முடியவில்லை.

ஆதியில் இப்படியும் இல்லை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளை இரவல் வாங்கி நம் விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தினார்கள். அதில் தொலைக்காட்சி எங்கே போயிற்று தெரியுமா? தில்லி மாளிகைகளுக்கு அன்று. ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசசுத்தான் என ஆறு மாநிலங்களில் பின்தங்கிய 2,400 சிற்றூர்களுக்குப் போயிற்று. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையில் மூன்று மீட்டர் அகல டிஷ் செய்து கூரைமேல் வைத்தார்கள். ஊரே திண்ணையில் கூடி வேளாண்மையும் நலவாழ்வும் பற்றிய நிகழ்ச்சிகளைப் பார்த்தது. கடைமடைக்கு முதல் தண்ணீர் என்று எண்ணிய ஒரு தலைமுறை அது. இன்று அதே வானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், மலைவாசத்தலத்தில் கேரவனில் அமர்ந்து காணொளிக் கூட்டம் நடத்தலாம் என்பதுதான் முதல் விளம்பரமாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் டன் கணக்கில் போதைப்பொருளோடு ஒரு படகு பிடிபட்டது. கடத்தல்காரர்கள் வழியறிய வைத்திருந்தது ஸ்டார்லிங்க் கருவி என்று காவல்துறை கூறிற்று. கொடுக்க வேண்டியவனுக்கு நாம் கொடுக்காவிட்டால், கூடாதவன் தானே எடுத்துக்கொள்கிறான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஒக்கிக்குப் பிறகு நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் வந்தன. தொடக்கத்தில் அவை செய்தியைப் பெறுமே தவிர, திருப்பி ஒரு சொல் அனுப்பமாட்டா. 2024 ஆகஸ்டு 30 அன்று ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளை விலையின்றிப் பொருத்தும் திட்டம் மகாராட்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. புயல் எச்சரிக்கையைத் தாய்மொழியில் படிக்கலாம்; ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கரைக்குச் செய்தி போகும்; கடல் எல்லையைத் தாண்டும் நிலை வந்தால் முன்னறிவிக்கும். நாகைப் படகுக்காரர்களுக்கு அந்த எல்லைக்கோடு எவ்வளவு பெரிய கவலை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. நல்ல திட்டம். ஆனால் நம் நாட்டில் மீன்பிடிப் படகுகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டும். எஞ்சிய படகுகளில் இருப்பவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. பெறுவதும் குறுஞ்செய்திதான். கேரவன்காரருக்குத் திரைப்படமே ஓடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நிலத்திலும் கடைமடை உண்டு. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எச்சரிக்கை முன்னரே வந்தது. பல்லாயிரவர் முகாம்களுக்குப் போனார்கள். அதனால் உயிர்ச்சேதம் குறைந்தது. விடிந்த பிறகுதான் துன்பம் தொடங்கிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை என்று தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் தரையில் கிடந்தன. மின்சாரம் போனதும் கைப்பேசிக் கோபுரங்கள் தம் மின்கலத்தில் சில மணி நேரம் உயிர்வாழ்ந்து அவையும் அடங்கின. சில சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. எங்கே குடிநீர் இல்லை, எங்கே குழந்தைக்குப் பால் இல்லை, எங்கே பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண் தவிக்கிறாள் என்பதைத் தாலுகா அலுவலகத்துக்குச் சொல்ல யாராவது சைக்கிளில் போக வேண்டியிருந்தது. வண்டி போகும் சாலையோரத்து ஊர்களுக்கு நிவாரணம் குவிந்தது. உள்ளடங்கிய ஊர்கள் காத்துக் கிடந்தன. சாலையை மறித்தவர்களைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். வேறு எவ்வாறு அவர்கள் தம் இருப்பைத் தெரிவித்திருக்க முடியும்?

அந்த நாட்களில் கதிரொளித் தகடு ஒன்றும், மின்கலம் ஒன்றும், வானத்தைப் பார்த்த தட்டு ஒன்றும் ஒரு கோயில் மாடியில் இருந்திருந்தால் ஐந்தாறு ஊர்களுக்கு வாய் கிடைத்திருக்கும். நண்பரின் கேரவன் கூரையில் இருக்கப்போவதும் அதே பொருள்தான். அவர் வரப்போகும் தஞ்சை–நாகைச் சாலையிலோ, பத்துக் கிலோமீட்டருக்குள் பல கோபுரங்கள் நிற்கின்றன. நடந்து வரும் பெண்கள் இரவில் தங்குமிடத்திலிருந்து வீட்டுக்குப் பேசிவிட்டுத்தான் கண்ணயர்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது அவருக்குப் போதாதா?

இங்கே ஒரு மறுப்பு எழும், எழுந்தது. இக்கட்டுரையின் கைப்படியை நண்பரிடமே காட்டினேன். "அண்ணே, இது காவிரித் தண்ணீர் இல்லையே. நான் ஒரு குடம் எடுத்தால் கடைமடைக்கு ஒரு குடம் குறையும். என் வண்டிக்கு இணையம் வந்தால் மீனவனுக்கு என்ன குறையப்போகிறது?" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலைமை அவ்வாறில்லை. ஒரு செயற்கைக்கோள் ஒரு நிலப்பரப்புக்குக் கொடுக்கும் அலைக்கு அளவுண்டு. அதே பரப்பில் பயனாளர் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் வேகம் குறையும். இதை நன்கறிந்துதான் அந்நிறுவனமே 2022இல் பயணிகளுக்கான திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு நிபந்தனை விதித்தது. நெரிசல் மிகுந்த இடங்களில் வீட்டுச் சந்தாதாரருக்கே முன்னுரிமை, வண்டியில் வந்தவருக்கு அவர்களுக்குப் பின்னர்தான் என்பது அந்த நிபந்தனை. வரிசையை மாற்ற அங்கே மதகுச்சாவியும் உண்டு என்பது இதனால் தெரிகிறதல்லவா? வணிகத்துக்காக ஒருவன் வகுக்கும் முறைப்பாசனத்தை உயிருக்காக ஓர் அரசு வகுக்கக் கூடாதா? கடலில் இருப்பவனும், புயல் அடித்த ஊரும் முதல் வரிசை. மருத்துவமனையும் பள்ளியும் அடுத்த வரிசை. உல்லாசப் பயணி கடைசி வரிசை. உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் இதை நிபந்தனையாக்கிக் கேட்கும் உரிமை நம் அரசுக்கு இருக்கிறது. கேட்கச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

ஆனால் அரசை நோக்கி விரல் நீட்டுமுன் நம்மைப் பார்ப்போம். நம் பங்குகளில் நுழைவாயில் வளைவுக்கு நன்கொடை கேட்டால் குவிகிறது. திருவிழா மின் அலங்காரத்துக்குக் குவிகிறது. கொடியேற்றத்தை இணையத்தில் நேரலையாகக் காட்ட மூன்று கேமராக்கள் வருகின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்த்து மகிழட்டும், நான் மறுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் இதே கரைக்குத்தான் வருகிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற பயணிகளுக்கு, கடல் எழுந்து வருகிறது என்று சொல்ல யாருமில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பிறகு 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. கடலடிக் கருவிகள் செயற்கைக்கோள் வழியே அதற்குச் செய்தி சொல்கின்றன. மையத்திலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை செய்தி வந்துவிடும். அங்கிருந்து குப்பத்துக் கடைசி வீடு வரை கொண்டுசேர்ப்பது யார்? கடலோரத்துப் பங்குகளுள் எத்தனை இடங்களில், மின்சாரமும் கோபுரமும் போன பிறகு பேச வழி இருக்கிறது? பங்குப் பேரவைகள் அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

தண்ணீர்ப் பந்தலைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சாலையில் நடப்பவர் யார், எந்த மதத்தவர், எந்த ஊர் என்று பந்தலில் யாரும் கேட்பதில்லை. இந்துக்களும் இசுலாமியரும் வைக்கும் பந்தல்களிலும் நம்மவர் மோர் குடித்துவிட்டுத்தான் நடக்கிறார்கள். போர்த்துகீசிய மாலுமிகள் புயலில் சிக்கி அன்னையை வேண்டிக் கரைசேர்ந்த கதையைச் சொல்லித்தான் நாம் செப்டம்பர் 8ஐக் கொண்டாடுகிறோம். நம் திருத்தலத்தின் மரபே கடலில் தத்தளித்தவர்களின் கூக்குரலிலிருந்து பிறந்தது. அந்தச் சாலையில் ஒருவர் கூரைமேல் இணைப்பை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக் குளிர்பதனத்தில் வந்தால், அவர் எந்த வழக்கத்தைச் சேர்ந்தவர் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

நண்பர் இரண்டு நாள் கழித்து வந்தார். கேரவனை விடுவதாக இல்லை. மருமகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். ஆனால் கருவி விற்பனைக்கு வந்து, முறைப்படி வாங்கிய பின், ஐப்பசி தொடங்கியதும் அதைக் கழற்றி வேதாரண்யப் பக்கம் ஏதேனும் ஒரு கடலோரப் பங்கில் தை மாதம் வரை வைத்துவிடச் சட்டம் இடம் கொடுக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். பங்குத்தந்தை இல்லத்தின் பின்னால் உள்ள தோப்பில் கம்பம் நட்டு மாட்டிவிடலாமே என்றும் கேட்டார். தோப்பு ஆகாது, தென்னை மறைக்கும். கோயில் மாடியிலேதான் வைக்க வேண்டும், கதிரொளித் தகட்டுக்கும் சேர்த்து இடம் பார்க்க வேண்டும் என்றேன். சரி, ஏணி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என்றார்.